சின்னவளுக்கு வந்த தையல் மிஷின்

கடல் ஊருக்குள் வந்து போன எட்டாவது மாதம், ஜெபக்கூடத்தார் ஐந்து தையல் மிஷின்கள் கொடுத்தார்கள். புருஷனை அலைக்குப் பறிகொடுத்த பெண்களுக்கே முதலில் என்று போதகரின் மனைவி பட்டியல் போட்டிருந்தார். அதில் ஒன்று சின்னவளுக்கு வந்தது.

சின்னவளும் மூத்தவளும் ஓரகத்திகள். அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். நிவாரணக் கொட்டகையில் அடுத்தடுத்த அறை, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. தம்பி அலையோடு போய்விட்டான். அண்ணன் பிழைத்தான், படகு போனதால் இப்போது ஐஸ் ஆலையில் சுமை தூக்கினான். மூத்தவள் பதினான்கு வருடம் தையலில் பிழைத்தவள். அவள் மிஷினும் அதே அலையில்தான் போனது. சின்னவளுக்கோ ஊசியில் நூல் கோக்கவே நாலு தடவை எச்சில் தொட வேண்டும்.

"எனக்கு ஒண்ணு கிடையாதாம்மா?" என்று மூத்தவள் போதகரின் மனைவியிடம் கேட்டாள்.

"உங்களுக்கு வீட்டுக்காரர் இருக்காரே. அடுத்த தடவை பார்க்கலாம்."

புருஷன் உயிரோடு இருப்பது ஒரு குற்றமா? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். விழுங்கியது வயிற்றில் போய் எரிந்தது.

மறுநாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடத் தொடங்கியது. ஓடியது என்று சொல்ல முடியாது. நொண்டி நொண்டி நின்றது. இப்போது நூல் அறுந்தது, இப்போது சக்கரம் பின்னால் சுழன்றது என்று சத்தத்தை வைத்தே மூத்தவளுக்குத் தெரிந்தது. குரங்கு கையில் பூமாலை என்று முணுமுணுத்தபடி பாத்திரம் தேய்த்தாள். "அக்கா, கொஞ்சம் வந்து பாரேன்" என்று சின்னவள் கூப்பிட்டபோது தலைவலி என்று படுத்துக்கொண்டாள்.

சின்னவள் விடவில்லை. மூன்றாம் வாரம் சத்தம் சீரானது. ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைக்கும் வேலையும் வந்தது. மூத்தவளுக்கு அதுதான் தாங்கவில்லை. தெரியாதவளாக இருந்தவரை கேலி பேசி ஆறிக்கொண்டாள், கற்றுக்கொண்டுவிட்டாளே! சின்னவள் குடத்தோடு தண்ணீர் லாரிக்குப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்தாள். மேல்நூலைப் பிடிக்கும் திருகை இரண்டு சுற்று இறுக்கிவிட்டு வந்தாள்.

அந்த வாரம் தைத்துக் கொடுத்த பன்னிரண்டு உறைகளும் தையல் சுருங்கியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தன. போதகரின் மனைவி கோபப்படவில்லை. "அடுத்த வாரமும் இப்படின்னா மிஷினை வேற யாருக்காவது மாத்திடுவாங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கேட்டுக்கொண்டிருந்த மூத்தவளுக்கு வயிறு குளிர்ந்தது. வெட்கமில்லாமல் குளிர்ந்தது.

அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எட்டிப் பார்த்தாள். சின்னவள் தரையில் உட்கார்ந்து பிளேடால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் கைதான்க்கா சரியில்ல" என்றாள். "இந்தக் கையிலேருந்துதானே அவரும் நழுவிப் போனாரு."

மூத்தவள் உள்ளே வந்தாள். சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"உன் கை இல்லடி. நான்தான் திருகை இறுக்கி வெச்சேன். நீ தண்ணிக்குப் போயிருந்தப்போ."

சின்னவள் பிளேடைக் கீழே வைத்தாள். "வெளியே போ" என்றாள்.

மறுநாளே மூத்தவள் போதகரின் மனைவியிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"அவகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"வெளியே போன்னா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்க இருமினார். "மிஷின் அவகிட்டயே இருக்கும்" என்றார்.

நாலு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் சின்னவளே உறைக் கட்டோடு வந்து நின்றாள். "மூலை திருப்பத் தெரியல. வந்து காட்டு."

மூத்தவள் போனாள். சின்னவள் மிதித்தபடியே, தலை நிமிராமல் கேட்டாள். "அவ்வளவு பொறாமையாக்கா?"

"ஆமா. இப்பவும் இருக்கு."

"எனக்கும்தான். சாயங்காலம் மாமா வேலை முடிஞ்சு உன் ரூமுக்கு வந்து செருப்பைக் கழட்டற சத்தம் கேட்கும்ல? அப்போல்லாம் உன் கழுத்தை நெரிக்கலாம் போல இருக்கும்."

இத்தனை மாதமாகத் தடுப்பு இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மூத்தவள் உறையின் மூலையைப் பிடித்துக்கொண்டு, "ஊசியைத் துணிக்குள்ளயே நிறுத்து. அப்புறம் திருப்பு" என்றாள்.

ஆறு மாதம் கழித்து மூத்தவளுக்கும் மிஷின் வந்தது. யாரோ ஓட்டிக் கழித்த பழசு, மிதி கல்லாய் இருந்தது. சின்னவளின் மிஷினில் பளபளப்பு இன்னும் போகவில்லை. அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு தன் மிஷினின் மிதிப்பக்கம் குனிந்தாள்.