ராஜினி தூக்கிய நிறை

1

இந்தக் கதை எனக்குச் சீனி வருத்தத்தால் கிடைத்தது. இரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்று டொக்டர் நடக்கச் சொன்னார். வவுனியா வெயிலில் நடக்க மனமில்லாமல், பின்னேரங்களில் பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கும் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். ராஜினியை அங்கேதான் கண்டேன். முன்பள்ளி ஆசிரியை. நாற்பது தாண்டியவர். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். பழகிய பிறகு, உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்கோ. ஆனா என்னை நல்லவளா எழுதிப்போடாதேங்கோ," என்றார்.

(நேரில் 'அவர்' என்றுதான் சொல்வேன். கதைக்குள் 'அவள்'. கதைக்குள் வந்தபின் யாருக்கும் அந்த மரியாதை மிஞ்சுவதில்லை.)

2

முதல் தொடக்கம்: "ராஜினி தராசில் ஏறியபோது முள் நடுங்கி..." ஜிம்மில் இருப்பது இலக்கம் காட்டும் தராசு. முள் கிடையாது. வெட்டினேன்.

இரண்டாவது: "கடலோடு வளர்ந்தவளுக்குத் தன் உடம்பே ஒரு..." கடலைக் கொண்டுவந்தால் எதையும் ஆழமாகக் காட்டிவிடலாம். அதனாலேயே வெட்டினேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ராஜினியின் தம்பி வின்சன் கடற்றொழில் செய்தவன். சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகி, இப்போது கிழமைக்கு இரண்டு தரம் வவுனியாவுக்கு பஸ்ஸில் வந்து இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு திரும்புகிறான். அக்காவின் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தியது. ஆனால் இந்த நிறையோடு அவளுக்குச் சத்திரசிகிச்சை செய்ய முடியாது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றுவிட்டார் வைத்திய நிபுணர்.

ஜிம்மை நடத்துகிற சுமித்திரா அவளுக்கு ஓர் ஒழுங்கு போட்டுக் கொடுத்தாள். மூன்று நாள் பாரம் தூக்க வேண்டும். இரண்டு நாள் ட்ரெட்மில்லும் சைக்கிளும். மிச்ச நாட்கள் ஓய்வு.

"பட்டினி மட்டும் கிடக்காதேங்கோ அக்கா. கிடந்தா கொழுப்போட தசையும் கரைஞ்சுபோகும். பிறகு மாடிப்படி ஏறவும் ஏலாது."

3

முதல் மாதம் முழுக்கத் தராசு அசையவில்லை. பாரத்தட்டு எதுவும் போடாத வெறும் இரும்புக் கம்பியைத் தோளில் வைத்து இருந்தெழும்பவே அவளுக்கு முழங்கால் நடுங்கியது. பின்னேரமானால் வின்சன் போன் எடுப்பான்.

"எவ்வளவு அக்கா இண்டைக்கு?"

"அப்பிடியேதான் நிக்குது."

"சரி, சரி. ஆறுதலாக் குறையட்டும்."

ஒரு மனிதன் தன் ஆயுளை அக்காவின் இடுப்பளவில் விசாரித்துக்கொண்டிருந்தான். [இந்த வசனம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. எடுக்க நினைத்தேன். உண்மையாகவும் இருப்பதால் விட்டிருக்கிறேன்.]

பிறகு அவன் கேட்பதை நிறுத்தினான். போன் எடுத்து மழை, காற்று, வலை என்று ஏதாவது கதைத்துவிட்டு வைத்துவிடுவான். நிறை குறையத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

குறைந்ததைவிட அவளுக்குப் புதினமாக இருந்தது கூடியது: பலம். ஒருநாள் கணவர் செல்வராசா காஸ் சிலிண்டரைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுச் சேர்ட் மாற்றப் போனார். திரும்பி வந்தபோது சிலிண்டரைக் காணவில்லை. கேற் வரைக்கும் போய்த் தேடினாராம். அது குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. இதைச் சொல்லும்போது ராஜினி சிரித்த சிரிப்பை எழுத எனக்கு வரவில்லை.

4

நிறை போதுமான அளவுக்கு வந்துவிட்டது, இனித் திகதி வைக்கலாம் என்றார் வைத்திய நிபுணர்.

சில நாட்கள் கழித்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில் ராஜினி தனியாக இருந்து கொத்து ரொட்டி சாப்பிடுவதைக் கண்டேன். என்னைக் கண்டதும் ஒளிக்கவில்லை. எனக்கு ஒரு பிளேன்டீ சொன்னாள். என் கதாபாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்த இடம் இது.

"அடுத்த கிளினிக்குக்கு முதல் நிறை கொஞ்சம் ஏறட்டும் எண்டு சாப்பிடுறன்," என்றாள்.

"பயமோ?"

"பயமெண்டில்லை. இவ்வளவு காலத்தில இப்பதான் என்ரை உடம்பை எனக்குப் பிடிச்சிருக்கு. பிடிச்ச உடன குடு எண்டுறாங்கள். வெட்டுறதுக்கு வளர்க்கிற கோழி மாதிரிக் கிடக்கு."

"தம்பிக்கு என்ன சொன்னீங்கள்?"

"இன்னும் குறையவேணுமாம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

இந்த இடத்தில் ஒரு பந்தி எழுதியிருந்தேன். "சின்ன வயதிலிருந்தே பிறருக்குக் கொடுத்தே பழகியவள், இடம்பெயர்ந்த நாட்களில்..." வெட்டிவிட்டேன். அது அவளுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் யாரிடமும் கேட்கவில்லை.

5

அந்தக் கிழமையே, சுத்திகரிப்பு முடித்து பஸ்ஸுக்குப் போகும் வழியில் வின்சன் ஜிம்முக்கு வந்தான். பெண்களின் நேரம் என்பதால் சுமித்திரா அவனை வாசலோரக் கதிரையில் இருத்தினாள். கையில் பஞ்சும் பிளாஸ்டரும். தோளில் சேர்ட் தொங்கியது.

ராஜினி நிலத்திலிருந்து பாரம் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"பாருங்கோ, அக்கா இப்ப உங்களையே தூக்குவா," என்றாள் சுமித்திரா. வின்சனிடம் சொல்லியிருந்த பொய் அவளுக்குத் தெரியாது. "டொக்டரும் நிறை குறைஞ்சது போதும் எண்டிட்டார்தானே."

ராஜினி கம்பியை இறக்கினாள். துவாயால் கையைத் துடைத்தாள்.

"ஓம். போன கிளினிக்கிலயே சொல்லிட்டார். நான்தான் உனக்குச் சொல்லேல்லை."

வின்சன் கொஞ்ச நேரம் பிளாஸ்டரை நகத்தால் சுரண்டினான்.

"தர விருப்பமில்லையோ?"

"விருப்பம் இருக்கு. விருப்பமில்லாமலும் இருக்கு. பொய் சொன்னதுதான் பிழை."

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அல்லது... தெரியவில்லை. அவன் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

"நான் இனிக் கேக்கமாட்டன் அக்கா. கேட்டா நீ தந்திடுவாய்."

ட்ரெட்மில்லில் நடந்துகொண்டிருந்த நான் அதை நிறுத்தினேன். அவர்களுக்காக அல்ல, சத்தம் இல்லாமல் கேட்பதற்காக.

"இன்னொருக்காத் தூக்கு," என்றான் வின்சன். "பாப்பம்."

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், நீங்கள் கண்கலங்குகிறீர்கள். இன்னொன்றில் அவள் போகவில்லை, நீங்கள் அவளை வெறுக்கிறீர்கள். மூன்றாவதில் எங்கிருந்தோ வேறொருவரின் சிறுநீரகம் வந்து சேர்கிறது. அதை எழுதி முடிக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

திகதி இன்னும் வரவில்லை. வந்தபிறகு எழுதினால் நான் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேன். அதனால் இப்போதே அனுப்புகிறேன்.

அன்று வின்சன் கேட்டபடி ராஜினி கால்களை அகட்டி வைத்தாள். குனிந்து, முதுகை நேராக்கி, கம்பியைப் பிடித்தாள். மூச்சை உள்ளே எடுத்து நிமிர்ந்தாள். வின்சன் கதிரையின் நுனிக்கு வந்திருந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாரம் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. நான் அதை இறக்கிவைக்கப் போவதில்லை.