வாயை மூடிய வீரன்

ருய்ஷியா ஈரத்துணியை விலக்கினாள். களிமண் தலையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு அதைச் செய்யச் சொல்லியிருந்த பெண் கேட்டாள்.

"அக்கா, இது யாரு?"

"உங்க வீட்டுக்காரர்தான். தாங் பாவ்லின்."

ஈராயிரம் வருஷப் பழைய பேரரசரின் சமாதியைப் பார்க்க பஸ் பஸ்ஸாக வரும் கூட்டம், குழிக்குள் நிற்கும் மண் வீரர்களைப் பார்த்த கையோடு இந்தப் பட்டறைக்குள் நுழையும். சிலர் தலையில்லாத பொம்மைக்குப் பின்னால் நின்று கழுத்தை நீட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். வசதியுள்ளவர்கள் புகைப்படம் கொடுத்து, அதே முகத்தில் ஆளுயர வீரன் கேட்பார்கள். முகங்கள் ருய்ஷியாவின் வேலை. போன வாரம் இந்த யான்னி, கணவனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கென்று நீட்டிய படத்தில் பாவ்லின் இருந்தான். ருய்ஷியாவோடு ஆறு வருஷம் வாழ்ந்துவிட்டு விவாகரத்து வாங்கிப் போனவன். யான்னிக்கு அது தெரியாது. வேலையை வேறு யாரிடமாவது தள்ளியிருக்கலாம். ருய்ஷியா தள்ளவில்லை. படத்தை இழுப்பறையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, வயிற்றெரிச்சலோடு மூன்று நாள் உட்கார்ந்து நினைவிலிருந்தே செய்தாள். இடது காதுக்குப் பின்னால், எந்தப் படத்திலும் விழாத தழும்பைக்கூட நகத்தால் கீறி வைத்தாள். இவள் அதைக் கண்டு திடுக்கிட வேண்டும். அவன் முதலில் யாருடையவன் என்று மண் சொல்லட்டும்.

யான்னி தழும்பைக் கண்டாள். "அட, இதுகூட படத்துல தெரிஞ்சுதா?" என்று விரலால் தடவினாள். அதோடு விட்டுவிட்டாள்.

"காது, மூக்கெல்லாம் அவருதுதான். ஆனா வாய் என்னக்கா, பல்வலிக்காரன் மாதிரி இறுக்கிட்டு இருக்கு?"

"வீரன்னா அப்படித்தாம்மா. குழியில போய்ப் பாருங்க, ஒருத்தனாவது சிரிக்கிறானா?"

"அவங்க செத்த ராஜாவுக்குக் காவல். இவருக்கென்ன கேடு? எங்க வீட்ல அந்த வாயை மூட வைக்கிறதுதான் பெரும்பாடு. தூக்கத்துலகூட சிரிப்பாரு. நீங்க படத்தைப் பாத்துத்தானே பண்ணீங்க?"

ருய்ஷியா களிமண் வாயைப் பார்த்தாள். ஆறு வருஷம் தன் எதிரே உட்கார்ந்து நூடுல்ஸ் தின்ற வாய். உப்பு போதவில்லை என்று சொல்லக்கூடத் திறந்ததில்லை. அவன் சுபாவமே அப்படி என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

யான்னி வாசலில் மாதுளை வாங்கப் போனாள். ருய்ஷியா இழுப்பறையிலிருந்து படத்தை எடுத்தாள். அதில் அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். மரக்கத்தியை நனைத்து, களிமண் உதடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். லேசாகப் பிளந்தது. பின்னால் அலமாரியில் நாற்பது தலைகள் வாயை மூடிக் காய்ந்துகொண்டிருந்தன. ஜன்னலோரம் போய்ப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பற்களை எண்ணினாள். கீழ் வரிசையில் ஒன்று இல்லை.

தன்னோடு இருந்தபோது அந்தப் பல் இருந்ததா என்று அவளுக்கு நினைவில்லை.