டோரீனின் காலஞ்சென்ற கணவர்

1

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றேகால். ஒஹையோவில் ஒரு சோளக்காட்டு ஓரம். கூடார முகாமுக்குள் போக வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற தம்பதியின் சண்டையை ஒட்டுக்கேட்டேன். இந்தக் கதை அங்கே திருடியது. பெயர்களை மாற்றிவிட்டேன். [சண்டையை மாற்றவில்லை. அதைவிட நன்றாக எனக்கு எழுத வராது.]

2

முதல் தொடக்கம்: "நான்கு ஆண்டுகளாக விதவையாக இருக்கும் டோரீன், கணவன் காரை நிறுத்திவிட்டு வரும்வரை காத்திருந்தாள்."

அடித்துவிட்டேன். பேய்க்கதை என்பீர்கள்.

இரண்டாவது: "பதினான்காம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் யார்க் நகரம் வணிகத்தில்..."

பாடப்புத்தகம். போதும்.

நேராகச் சொல்கிறேன். இந்த முகாமில் சனி ஞாயிறு மட்டும் எல்லாரும் இடைக்கால ஐரோப்பிய மனிதர்கள். ஆளுக்கொரு வேஷம். பிறப்பு, தொழில், திருமணம் எல்லாம் அந்தக் காலத்து வழக்கத்துக்குப் பொருந்த வேண்டும். இல்லையென்றால் வாசலில் பதிவு மேசைக்காரர்கள் உள்ளே விடமாட்டார்கள். டோரீன் இங்கே மார்ஜரி, யார்க்கில் பீர்* காய்ச்சுபவள். கணவன் இருந்தால் கடை அவன் பெயரில்தான் நிற்கும். ஆகவே கணவனைக் கொன்றுவிட்டாள். கொள்ளைநோய். வேஷக் குறிப்பில் ஒரே வரி.

(*பீர் அல்ல, ஏல் என்னும் அதைவிடப் பழைய வகை. இதற்காக இங்கே நட்புகள் முறிந்திருக்கின்றன.)

3

இப்போது அவளுடைய நிஜக் கணவன் வெர்னன் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டான். சனி ஞாயிறு வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை.

"என்னை உயிரோட எழுப்பிடு டோரீன். ஒரு வரிதானே."

"எழுப்பினா கடை உன் பேருக்குப் போயிடும். நாலு வருஷமா நான் காய்ச்சி எடுத்த பேரு."

"நான் கடைப்பக்கமே வரமாட்டேன்."

"வரவே வேண்டாம். நீ மூச்சு விட்டாலே போச்சு. அந்தக் காலத்துச் சட்டம் அப்படி."

"சரி, ரெண்டாவது புருஷனா வரேன்."

"அப்பவும் கடை உனக்குத்தான்."

"வாராவாரம் என் ஆத்மாவுக்கு ஜெபம் பண்றியாமே. உயிரோட இருக்கிறவனுக்கு ஒரு நாள் பண்ணியிருப்பியா?"

வரிசை சிரித்தது. டோரீன் சிரிக்கவில்லை. வெர்னனின் கண்களில்...

[நான் பார்த்தது முதுகைத்தான்.]

4

முடிவு ஒன்று: டோரீன் அவனை எழுப்பிவிடுகிறாள், கடை போகிறது. மார்ஜரியை எனக்குப் பிடித்துவிட்டதால் வேண்டாம்.

முடிவு இரண்டு: வெர்னன் காரை வீட்டுக்குத் திருப்புகிறான். இதுதான் பெரும்பாலும் நடக்கும். எழுத மனமில்லை.

நடந்தது வேறு. பதிவு மேசையில் வெர்னன் தன் வேஷத்தின் விவரத்தைச் சொன்னான்: கம்பளி வியாபாரி, மனைவியை இழந்தவன்.

"என்னைக் கொன்னுட்டியா?" என்றாள் டோரீன்.

"கொள்ளைநோய்."

மாலையில் ஒரு கம்பளி வியாபாரி மார்ஜரியின் கடைக்கு வந்தான். தொப்பியைக் கழற்றி, முன்பின் தெரியாதவனைப் போல நின்றான். அவள் ஊற்றினாள். பாதி குடித்தான். நான் அடுத்த பெஞ்சில் இருந்தேன். அவள் சொன்ன பதிலும் என் காதில் விழுந்தது. அதை எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவன் கேட்டது இது:

"ஒண்ணு கேக்கலாமாம்மா? போன மனுஷன்... உங்களை நல்லபடியா வெச்சிருந்தாருங்களா?"