கிரவுனும் பினியனும்

மீன் விற்கும் சின்னம்மாளின் கூடை நசுங்கிய அன்றைக்குத்தான், வண்டியின் பின் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்சிலைப் பிரித்துப் பல்சக்கரங்களை மாற்றிவிடுவது என்று கயல்விழி முடிவுக்கு வந்தாள்.

கடலூர் துறைமுகத்தில் மீன் இறங்கும் இடத்திலிருந்து ரோட்டுக்கு ஏற ஒரு மேடு உண்டு. ஐஸும் மீனும் ஏற்றிய அவளுடைய வேன் ஒரு நாளும் அந்த மேட்டில் ஒழுங்காக ஏறியதில்லை. பாதியில் முனகி நிற்கும். வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஆண்கள் எழுந்து வந்து பின்னால் தள்ளுவார்கள். அன்று அவர்கள் வருவதற்குள் வண்டி பின்னால் உருண்டுவிட்டது. சின்னம்மாள் கீழே வைத்திருந்த மீன் கூடை சக்கரத்துக்கு அடியில் போனது. கூடையை இழுக்கக் குனிந்தவளை யாரோ தோளைப் பிடித்து அப்பால் தள்ளியதால் உயிர் தப்பினாள்.

"பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்" என்றான் ஒருவன். கயல்விழி தன் வண்டியிலிருந்து மீனை அள்ளிச் சின்னம்மாளுக்கு ஈடு கட்டினாள். கிளட்சையும் பிரேக்கையும் அவள் சரியாகத்தான் மிதித்திருந்தாள்; இழுக்க முடியாமல் நின்ற வண்டிதான் பிரேக் பிடிக்கும் நொடிக்குள் உருண்டிருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

வண்டி அவள் கணவன் விஜயகுமார் வாங்கியது. மெட்ராசுக்கு மீன் ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டும் என்று, நல்ல வேகம் பிடிக்கிற வண்டியாகத் தேடி வாங்கினான். வாங்கிய கொஞ்ச நாளிலேயே பஹ்ரைனில் படகு வேலை கிடைத்துப் போய்விட்டான். வண்டி வெயிலில் காய்ந்தது. கயல்விழி ஓட்டக் கற்றுக்கொண்டு சிதம்பரம் மார்க்கெட்டுக்கு லோடு அடிக்க ஆரம்பித்தாள். பிள்ளை இல்லை. வீட்டுக்குத் திரும்பினால் கதவைத் திறப்பதும் அவள்தான், சாத்துவதும் அவள்தான்.

அன்று சிதம்பரத்தில் மீனை இறக்கிவிட்டு, பைபாஸ் ஓரத்தில் பட்டறை வைத்திருக்கும் கொளஞ்சியிடம் வண்டியைக் கொண்டுபோனாள். அவர் பின்னால் சிமெண்டு மூட்டைகளை ஏற்றச் சொல்லி, பாலத்து மேட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒம்மேல தப்பு இல்லம்மா. இது வேகமா ஓடுற ஆக்சில், பாரம் இழுக்கிற ஆக்சில் இல்ல."

கயல்விழி சாவியை வாங்கிக்கொண்டு, வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள்.

"பினியன்னு ஒரு சின்னப் பல்சக்கரம், கிரவுன்னு ஒரு பெரிய பல்சக்கரம். சின்னதுல பல்லு கொறஞ்சா இழுவ ஜாஸ்தியாவும். மாத்திப்புட்டா மேடு சும்மா ஏறும். ஆனா வேகம் போயிடும். வீட்டுக்காரர ஒரு வார்த்த கேட்டுக்க."

"அந்த ரெண்டு மட்டும் வாங்கியாந்தா போதுமாண்ணே?"

"எங்க போதும்? ரெண்டும் ஜோடியாத்தான் வரும், பிரிச்சு வாங்காத. பேரிங் எல்லாம் புதுசு வேணும். ஆயில் சீல் வேணும். உள்ள ஒரு புஷ் இருக்கு, முடுக்கும்போது நசுங்கி அளவா உக்காரும். ஒருக்கா நசுங்குனா அவ்ளோதான், மறுபடி ஆவாது. அதோட நட்டும் புதுசு. அப்புறம் சிம். காயிதம் மாதிரி மெல்லிசுத் தகடு. அத வச்சுத்தான் பல்லும் பல்லும் எவ்ளோ ஒட்டணும்னு சரி பண்ணுவேன். கிரவுன் போல்ட்டு, பேக்கிங், கியர் ஆயிலு. ஒண்ணு விட்டாலும் வண்டி ஊளையிடும்."

விஜயகுமாருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. படகு கடலில் இருந்தால் எடுக்க முடியாதுதான். கூடை நசுங்கியதிலிருந்து கொளஞ்சி சொன்னதுவரை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். ஒரு வாரம் போயிற்று. பதில் இல்லை. அந்த வாரம் முழுக்கப் பாதி லோடுதான் ஏற்றினாள்.

பிறகு அவளே திருப்பாதிரிப்புலியூருக்குப் போய், ராஜமாணிக்கத்தின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, லோடு இல்லாத ஒரு நாளில் சிதம்பரம் வந்து சேர்ந்தாள். கொளஞ்சி வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஆயிலை வடித்து, ஆக்சிலைப் பிரித்தார். கயல்விழி ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கருத்த ஆயிலில் குளித்து வெளியே வந்த பழைய கிரவுனில் ஒரு பல்கூடத் தேயவில்லை. விஜயகுமார் பார்த்துப் பார்த்து வாங்கிய வண்டிதானே.

புதுக் கிரவுனைப் பூட்டப் பார்த்த கொளஞ்சி உச்சுக்கொட்டினார்.

"இன்னாண்ணே?"

"இது சேராதும்மா. புதுப் பினியன் சின்னதா இருக்குல்ல, கிரவுன் அதுகிட்ட இன்னும் நெருங்கி வந்து நிக்கணும். இந்தப் பழைய கேஸ்ல மாட்டுனா எட்டாது. கிரவுனத் தாங்குற கேசும் மாத்தணும். நான்தான் மொதல்லயே சொல்லியிருக்கணும்." கடைக்குப் போன் போட்டுக் கேட்டார். "கடையில இருக்காம். நீ பழசக் கையோட கொண்டுபோயி வச்சுப் பாத்து வாங்கியாந்துடு."

வண்டி குடல் சரிந்தாற்போல் ஜாக்கியில் கிடந்தது. பழைய கேசைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். சாக்கு முழுக்க ஆயில் கசிந்து நாறியது. "யம்மா, இத மடியில வச்சிக்க, யார்மேலயும் படக் கூடாது" என்றார் கண்டக்டர். புதுச்சத்திரத்தில் கூட்டம் ஏறி, பஸ்ஸில் ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள். அவள் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே வந்தது.

ஆலப்பாக்கம் தாண்டியபோது போன் அடித்தது. விஜயகுமார்.

"இன்னா கயலு, வண்டியப் பிரிக்கப் போறியா? வேணாம் வுடு. நான் வந்து மெட்ராஸ் லைன் ஓட்டணும். ஆக்சில மாத்துனா மாட்டு வண்டியாட்டம் ஆயிடும்."

அவன் குரலைக் கேட்டதும் அவளுக்குச் சண்டை போடக்கூட ஆசையாக இருந்தது. என்னென்ன சொல்ல வேண்டும் என்று வாரம் முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள்.

"பிரிச்சாச்சு மாமா. நீ எப்ப வர்ற, சொல்லு. தையில வர்றேன்னியே."

அந்தப் பக்கம் யாரோ இந்தியில் கூப்பிடுவது கேட்டது.

"ஓனரு காண்ட்ராக்ட நீட்டிக் கேட்டாரு. கையெழுத்து போட்டுட்டேன். இன்னும் ரெண்டு வருசம்."

"எப்பப் போட்ட?"

"ஆடியில."

இப்போது கார்த்திகை. ஆடிக்கும் கார்த்திகைக்கும் நடுவில் அவன் பேசிய பேச்சையெல்லாம் அவள் நினைத்துப் பார்த்தாள். தீபாவளிக்குப் புடவை எடுத்தாயா என்று கேட்டான். வீட்டு ஓடு ஒழுகுகிறதா என்று கேட்டான். இதை மட்டும் சொல்லவில்லை.

"அப்ப மெட்ராஸ் லைன யாரு ஓட்டுறது?" என்று கேட்டாள்.

"கயலு, இங்க கேளு..."

"எறங்கற எடம் வந்துடுச்சு. வைக்கிறேன்."

இறங்கும் இடத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. சாக்கை அணைத்துப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

ராஜமாணிக்கம் பழைய கேசை மேசையில் வைத்து, புதியதைப் பக்கத்தில் நிறுத்தி அளந்து கொடுத்தார். மத்தியானத்துக்கு மேல் அவள் பட்டறைக்குத் திரும்பினாள். கொளஞ்சி பூட்டினார், கழற்றினார், ஒரு சிம் எடுத்தார், வேறொன்று வைத்தார். பற்களில் மஞ்சள் பெயிண்ட்டைத் தடவிச் சுற்றிவிட்டு, பல்லின் நடுவில் தடம் விழும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்தார்.

"வீட்டுக்காரரு சரின்னாரா?" என்றார் ஆக்சிலுக்கு அடியிலிருந்தபடியே.

"பேசியாச்சுண்ணே."

"பழைய ஜோடி நல்லாத்தான் இருக்கு. எடுத்துவையி, அவரு வந்தா மாட்டிக்கலாம்."

"வேணாம். யாருக்காச்சும் ஆவும்னா குடுத்துடுங்க."

கொளஞ்சி தலையை வெளியே நீட்டி அவள் முகத்தைப் பார்த்தார்.

"புதுப்பல்லு சூடாவும். ஒரே மூச்சா ஓட்டாத. நடுவுல நிறுத்தி நல்லா ஆறவிட்டுப் போ" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

பி.முட்லூர் தாண்டி ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தினாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குனிந்து, ஆக்சிலின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டையில் கை வைத்தாள், சுட்டது. பைக்கில் போன இரண்டு பேர் வேகத்தைக் குறைத்து, "ரிப்பேராக்கா?" என்றார்கள். "இல்லப்பா" என்றாள். போய்விட்டார்கள். ரிப்பேர் என்று சொல்லியிருந்தால் கொஞ்ச நேரம் நின்றிருப்பார்களே என்று தோன்றியது. தோன்றியதற்கு வெட்கப்பட்டாள். சூடு ஆறும்வரை காத்திருந்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தாள்.

ஐந்தாறு நாள் பாதி லோடு ஓட்டி, பல் படிந்த பிறகு முழு லோடு ஏற்றினாள். அவள் வண்டியை எடுத்ததும் ஆண்கள் பழக்கத்தில் எழுந்து பின்னால் வந்தார்கள். அவர்கள் கை வைப்பதற்குள் வண்டி கிடுகிடுவென்று மேடு ஏறி ரோட்டில் நின்றது. கண்ணாடியில் பார்த்தாள். இன்றைக்கு வேலை இல்லை என்று தெரிந்ததும் ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பி வலை பிரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். ஜெயித்த மாதிரித்தான் இருந்தது. இனி அவர்கள் அவளருகே வர எந்தக் காரணமும் இல்லை என்பதும் கூடவே உறைத்தது.

ரோட்டில் எல்லா வண்டிகளும் அவளை முந்திப்போயின. எவ்வளவு மிதித்தாலும் அதற்குமேல் போகாத ஒரு வேகம் இப்போது வண்டிக்கு இருந்தது. அந்த வேகத்திலேயே போனாள்.

மார்க்கெட்டில் மீன் வாங்கும் ஸ்ரீதர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, லேட்டு? வண்டிக்கு இன்னா ஆச்சு?"

வண்டிக்கு என்ன ஆச்சு என்று அவளிடம் நின்று கேட்ட முதல் ஆள் அவர்தான். "அது பெரிய கததாங்க. கிரவுனு பினியன மாத்தினேன். மாத்துனா, பழைய கேஸ்ல சேராதுன்னுட்டாங்க, அப்புறம்..." என்று ஆரம்பித்தாள்.

ஸ்ரீதர் அதற்குள் வண்டியின் பின்பக்கம் போய்ப் பெட்டிகளை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கயல்விழி இறங்கிப் போய் ஒரு பெட்டியின் மறுமுனையைப் பிடித்தாள்.