பட்டாணி போட்ட பித்தான்

சிறுமி பட்டாணிக்கு விரல்கள் சொன்ன பேச்சுக் கேட்காது. பிறந்ததிலிருந்தே தசை இறுக்கம். அவள் அம்மா தையல்காரி. மகளின் விரல்களுக்குத் தோதாக எல்லாவற்றையும் பிரித்துத் தைத்துவிட்டாள். சட்டையில் பித்தானுக்குப் பதில் ஒட்டுப்பட்டை, பாவாடைக்கு எலாஸ்டிக், பை ஜிப்பில் பெரிய வளையம்.

வகுப்பில் அவளுக்கு ஓர் உதவியாளர் தேவையா என்று பார்க்க அன்று கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்திருந்தார். உதவியாளர் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் இந்தப் பள்ளியில் இடமில்லை என்று தலைமையாசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார். தெரிந்தும் அம்மாக்காரி செய்த காரியத்தைப் பாருங்கள்! இருப்பதிலேயே சுலபமான உடுப்பை மாட்டி, வாரம் முழுக்க ஒத்திகை பார்த்துக் கூட்டி வந்திருந்தாள். நாலு பேர் முன்னால் பிள்ளையைக் குறைத்துக் காட்ட எந்தத் தாய்க்கு மனசு வரும்?

பட்டாணி மேல்சட்டையைக் கழற்றினாள், மாட்டினாள், பையைத் திறந்தாள். அம்மாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"எல்லாம் தானே பண்ணிக்கிறாளே! அப்புறம் உதவியாளர் எதுக்கு?" அதிகாரியம்மா பேனாவை மூடினார்.

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. எழுந்து, ஆணியில் தொங்கிய பள்ளியின் ஓவிய வகுப்பு அங்கியை எடுத்தாள். அதில் முன்பக்கம் நெடுகப் பித்தான்கள்.

"மேடம், அந்தச் சட்டை நான் அவளுக்குன்னே தச்சது. இதைப் போடச் சொல்லிப் பாருங்க."

பட்டாணி முதல் பித்தானோடு மல்லுக்கு நின்றாள். நெற்றி வியர்த்தது. அம்மா மறுபடி உட்கார்ந்து, உதவத் துடித்த கைகளைத் தொடைக்கடியில் அமுக்கிக்கொண்டாள்.

"அம்மா, என் மேல கோவமா? ஏன் போட்டுவிட மாட்டேங்கிற?"

அம்மா உடைந்துபோனாள். "இவளால முடியாது மேடம். சாப்பாட்டு டப்பா திறக்க முடியாது. பாத்ரூம் தனியாப் போக முடியாது. நான்தான் மறைச்சிட்டேன்."

அதிகாரியம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முதலில் பட்டாணிக்குப் பித்தானைப் போட்டுவிட்டார். பிறகு குழந்தைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார். "நிறைய அம்மாங்க இதைச் சொல்லாமலே போயிடுறாங்க. நிதானமாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்க வேண்டும். அந்த மாதமே உதவியாளர் வந்துவிட்டாள். வாயாடிப் பெண், ஆனால் தங்கமான மனசு. வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, பெரிய பித்தான் வச்சு ஒரு சட்டை தச்சுக் குடுங்க. அவசரமே இல்லாம நானும் அவளும் போட்டுப் பழகறோம்."

ஒருநாள் மாலை பட்டாணி அந்தச் சட்டையோடு வந்து நின்றாள். கடைசிக்கு முந்தின பித்தான் கடைசித் துளையில் மாட்டி, சட்டை ஒருபக்கம் ஏறிக் கிடந்தது.

"மேல உள்ளதெல்லாம் அக்கா போட்டாங்க. இது நான்!"

கோணல் தையலைக் கண்டால் பிரிக்காமல் தூங்காத அம்மாவின் கை தானாக நீண்டது. பாதியில் நின்று, மகளின் கன்னத்தைத் தொட்டுத் திரும்பியது. படுக்கும்வரை அவள் அந்தச் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை.