நாலாம் நம்பர் பிரஸ்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு இரும்புத் தகடு அடித்துக் கொடுக்கிற கம்பெனி ஒன்றில் கல்பனா லைன் லீடராகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்தச் செய்தி வந்த அன்று முதலில் ஓடிவந்தவன் சரவணகுமார். பிரஸ் மிஷின்களுக்கு அச்சு மாட்டிக் கொடுக்கிற செட்டர். அந்தப் பதவி தனக்குத்தான் வரும் என்று அவனும் காத்திருந்தவன். இருந்தும் பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தான்.

"உனக்கு வந்தா இன்னாக்கா, எனக்கு வந்தா இன்னா? எல்லாம் ஒண்ணுதான்" என்று சிரித்தான். கல்பனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவனைப் பிடிக்காதவர்கள் அங்கே இல்லை. திருவாலங்காட்டுக்குப் போய்வந்தால் ஷிஃப்ட் முழுக்க விபூதி கொடுப்பான். யாருக்காவது காய்ச்சல் என்றால் பைக்கில் கொண்டுபோய் வீட்டில் விடுவான். அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

எலக்ட்ரீஷியன் மோசஸ் நேர் எதிர். வாயைத் திறந்தாலே சண்டை. சாம்பாரில் உப்பில்லை என்று கேன்டீனில் தட்டை வீசியவர். பழுதான ஒயருக்குப் பதில் புதுசு வாங்கித் தராத கோபத்தில் மேனேஜர் துளசிராமனின் முகத்துக்கு நேராகவே, "இந்த கம்பெனிய கொளுத்திட்டுப் போய்க்கினே இருக்கணும்யா!" என்று கத்தினார். ஆட்களின் குணத்தைத் தெரிந்துகொள்ள எச்.ஆர். மேடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தபோது, 'கோபம் வருமா?' என்ற இடத்தில், 'தினமும் வரும்' என்று எழுதிக் கொடுத்தார். சரவணகுமாரின் பதில்களையோ மேடம் மீட்டிங்கில் பாராட்டினார்.

ஆகையால் அந்தக் காலையில் பீட்டரின் கை மயிரிழையில் தப்பியபோது யார் மேல் சந்தேகம் போயிற்று என்று சொல்லவே வேண்டாம்.

பீட்டர் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் பல வருஷமாக உட்காருகிறவர். உள்ளே கை இருந்தால் மிஷினை இறங்கவிடாமல் நிறுத்துவதற்கு அதில் ஒரு சென்சார் உண்டு. அன்று அது வேலை செய்யவில்லை. சாய்ந்திருந்த தகட்டை நேராக்கக் கையை உள்ளே விட்டவர், கால் தவறிப் பெடலில் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கையுறையின் நுனி மட்டும் அச்சுக்குள் அப்பளமாகிக் கிடந்தது. பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால், சென்சாரை ஏமாற்றும்படி யாரோ ஒரு துண்டு ஒயரை முறுக்கி வைத்திருந்தார்கள்.

"மோசஸ்தான்" என்றார்கள் எல்லோரும். மோசஸ் கத்தினார், மேஜையைக் குத்தினார், கெட்ட வார்த்தை பேசினார். எல்லாம் அவருக்கு எதிராகவே போய் முடிந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். கல்பனாவும் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அடுத்த வாரம், நாஷ்டா நேரம். எல்லோரும் கேன்டீனில் இருந்தார்கள். மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரலாம் என்று நினைவு வந்து, மறந்து வைத்த போனை எடுக்கக் கல்பனா மட்டும் திரும்பி வந்தாள். மிஷின்கள் ஓய்ந்த கூடத்தில் அவள் செருப்புச் சத்தம் அவளுக்கே கேட்டது.

நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் பின்னால் யாரோ மெதுவாகப் பாட்டு முணுமுணுப்பது கேட்டது.

எட்டிப் பார்த்தாள். மூடி திறந்திருந்தது. சரவணகுமார் மண்டியிட்டு, பூத்தொடுக்கிறவன் மாதிரி நிதானமாக ஒரு ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பதறவில்லை. சிரித்தான்.

"இன்னாக்கா, நாஷ்டா துன்னலயா?"

கல்பனா அவன் கையிலிருந்த ஒயரையே பார்த்தாள்.

"சும்மா செக் பண்ணிக்கினு இருந்தேன்." மூடியை மாட்டினான், ஸ்க்ரூவை முறுக்கினான், கையைத் துடைத்தான். பக்கத்தில் வந்து குரலைத் தழைத்தான். "பாப்பா கவரப்பேட்டைலதான படிக்குது? சாயந்தரம் தனியா ரயில்வே கேட்டத் தாண்டி வருதுக்கா. பாத்தேன். பத்திரமா வரச் சொல்லு."

அவ்வளவுதான். அக்கறையாகச் சொல்வது போலவே சொல்லிவிட்டுக் கேன்டீனுக்குப் போய்விட்டான்.

கல்பனா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரிடம் போய்ச் சொல்வது? சரவணகுமார் செய்தான் என்றால் நாய்கூட நம்பாது. மகளின் இரட்டைச் சடை கண்முன் வந்தது. பேசாமல் இருந்துவிடலாம், லீவு போட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. அதற்குள் மணி அடித்தது. ஆட்கள் வாயைத் துடைத்தபடி உள்ளே வந்தார்கள். பீட்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையுறையை மாட்டினார். மோட்டார் உறுமியது.

அடுத்த மிஷின் அருகில் நின்ற சரவணகுமார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பீட்டர் தகட்டை எடுத்து உள்ளே நீட்டினார். கல்பனாவின் கால்கள் எப்படி ஓடின என்று அவளுக்கே தெரியாது. சிவப்புப் பட்டனில் முஷ்டியால் ஓங்கிக் குத்தினாள். மிஷின் முனகி நின்றது.

"இன்னாம்மா?" என்றார் பீட்டர்.

"கைய எடுண்ணே! எழுந்திரு!" தூணோரம் கிடந்த துடைப்பக்கட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள். "மறுபடி ஓட்டி, இத உள்ள உட்டுப் பாரு."

பீட்டர் தள்ளி நின்று கட்டையை உள்ளே நீட்டிப் பெடலை மிதித்தார். நின்றிருக்க வேண்டிய பிரஸ் இறங்கியது. கட்டை சிதறித் தெறித்தது. 

முதலில் பேசியவன் சரவணகுமார். அவன் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது. "சொல்லவே கஷ்டமாக்கீது. நாஷ்டா நேரத்துல அக்கா மட்டும்தான் இங்க இருந்தாங்க. போன எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தாங்களாம்."

தலைகள் அவள் பக்கம் திரும்பின. நேற்றுவரை அவளோடு சோறு பகிர்ந்து தின்றவர்களின் தலைகள். இனி தான்தான் மோசஸ் என்று கல்பனாவுக்குப் புரிந்தது. துளசிராமனின் அறையில் அவள் நடந்ததைச் சொன்னபோது வார்த்தைகள் கோணல்மாணலாக வந்தன. சரவணகுமாரோ நாற்காலியின் நுனியில் அடக்கமாக உட்கார்ந்திருந்தான். துளசிராமன் அவனைப் பார்த்துத் தலையாட்டினார்.

கதவோரம் நின்ற பீட்டர்தான் வாயைத் திறந்தார். "சார், இந்தப் பொண்ணே ஒயர முறுக்கியிருந்தா, அதே வந்து ஏன் சார் நிறுத்தப் போவுது? கம்முனு நின்னிருந்தா என் கை போயிருக்குமே." சரவணகுமார் பக்கம் திரும்பினார். "அது மட்டும்தான் இருந்திச்சுன்ற. நீ அப்ப எங்க இருந்த, உனக்கு எப்டித் தெரியும்? நா வெளிய வர்றப்ப தான நீ கேன்டீனுக்குள்ளயே வந்த?"

 சரவணகுமாரின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்து போவதைக் கல்பனா முதல்முறையாகப் பார்த்தாள். அடியில் கோபம்கூட இல்லை. ஒன்றுமே இல்லை.

"ஒரு கை போயிருந்தா போதும் சார்" என்றான் அமைதியாக. "இவள அன்னிக்கே எறக்கியிருப்பீங்க. எனக்கு வரவேண்டியது எனக்கு வந்திருக்கும்."

எதிரில் நின்ற பீட்டர் தன் கையை மெதுவாகப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

போலீஸ் வந்தது. மோசஸைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்ததும் வராததுமாக அவர் கல்பனாவிடம் எகிறினார். "நா கொளுத்துவேன்னு வாய்ல சொன்னா, நீயுமாம்மா நம்புவ?"

"நம்பிட்டேண்ணே" என்றாள். அவர் கத்தித் தீர்க்கும்வரை அங்கேயே நின்றாள்.

சரவணகுமார் ஜாமீனில் வெளியே வந்துவிட்டதாகக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் காலை, கவரப்பேட்டையில் கம்பெனி பஸ்ஸுக்கு அவள் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது.

"நல்லாக்கீறியாக்கா?" அதே சிரிப்பு, அதே தணிந்த குரல். "பாப்பா எப்டிக்கீது?"

  தலையைக் குனிந்துகொண்டால் போய்விடுவான் என்று ஒரு கணம் தோன்றியது. இனி தினமும் வருவான் என்றும் தோன்றியது.

"பீட்டர் கைய எடுக்கப் பாத்தவன்டா நீ!" என்று கத்தினாள். அவளுக்கே அடையாளம் தெரியாத குரல். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்தார்கள். "எம் பொண்ணு பேர எடுத்தே, இங்கருந்தே ஸ்டேஷனுக்கு இழுத்துக்கினு போவேன்! எல்லாரும் இவன் மூஞ்ச நல்லாப் பாத்துக்கங்க!"

கூட்டம் நெருங்கியது. அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனான்.

பஸ் வந்ததும் கல்பனா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கம்பெனி வாசல் வரும்வரை பின்னால் வருகிற பைக்குகளைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.