நியாயமான எதிர்பார்ப்பு

1

இந்தக் கதை என் மைத்துனரால் வந்த வினை. "தாமிரம் தேடுற கம்பெனி மச்சான், கண்ண மூடிக்கிட்டுப் பணத்தப் போடுங்க" என்று ஓர் ஆண்டறிக்கையை என் தலையில் கட்டினார். லாப விகிதம் என்ற இடத்தில் எண்ணுக்குப் பதில் ஒரு சிறு கோடு. விற்பனையே இல்லாதபோது லாபத்தை எதால் வகுப்பது? ஒரே ஓர் ஆண்டு யாருக்கோ ஆழ்துளைக் கிணறு தோண்டிக் கொடுத்ததில் கொஞ்சம் வருமானம் வந்திருந்தது. அந்த ஆண்டு விகிதம் கழித்தல் இரண்டாயிரம் சதவீதம். அதற்குக் கோடே தேவலை.

அந்தச் சிறு கோட்டைப் போட்டவர் யார் என்ற யோசனை என்னை விடவில்லை. (பணம் தப்பித்தது. நான் மாட்டிக்கொண்டேன்.)

2

"ஆறு மேசைகள், ஐந்தில் தூசி, ஆறாவதில்..." வேண்டாம். முதல் வரியிலேயே மூக்கைச் சிந்துகிறது.

கதையை இப்படித் தொடங்குகிறேன். தினமும் மாலை நான்கு மணிக்கு, துளையிடும் இடத்திலிருந்து நிலவியலாளர், அந்தக் கோட்டைப் போட்ட கணக்காளரை அழைப்பார். எத்தனை மீட்டர் இறங்கியது, எவ்வளவு டீசல் செலவானது என்று சொல்வார். அவள் எழுதிக்கொள்வாள். பிறகு "சாப்பிட்டீங்களா?" என்பார். நாளெல்லாம் வேறு யாரும் அவளிடம் அதைக் கேட்பதில்லை. சம்பளம் தள்ளிப்போனதும் அலுவலகத்தில் மற்ற ஐவரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் அந்த நான்கு மணிக்காகத்தான் இருக்கிறாள் என்று எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

3

(கொஞ்சம் கணக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள்.) இந்தக் கம்பெனியின் முறைப்படி, நம்பிக்கை இருக்கும்வரை தோண்டிய செலவெல்லாம் சொத்து. நம்பிக்கை போய்விட்டது என்று எழுதிய அன்றே அத்தனையும் நஷ்டம். கடையை மூட வேண்டியதுதான். அதனால் ஆண்டுதோறும் ஒரு படிவம்: "கனிமம் கிடைக்கும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு உள்ளதா?" ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

மூன்று ஆண்டுகளாக அவள் யாரையும் கேட்காமலே "ஆம்" போட்டுவந்தாள். இந்த முறை ஆடிட்டர் பிடித்துக்கொண்டார்.

"தோண்டுறவர்கிட்டயே கேட்டு எழுதுங்க. கையெழுத்துப் போடுறது நீங்க, நாளைக்கு மாட்டுறதும் நீங்கதான்."

4

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில், பதினேழாவது துளையில் தாமிரம். கிழித்துவிட்டேன். எனக்கே எதுவும் அவ்வளவு லேசில் கிடைத்ததில்லை. இன்னொன்றில் அவர் பஸ் ஏறி வந்து, கையில்... கணக்காளர் என்னை முறைத்தாள். பேனாவை மூடிவிட்டேன்.

நடந்தது இதுதான்.

"நூத்தி அறுபது மீட்டர், மேடம். பதினேழாவதும் வெறும் பாறதான்."

"ம்."

"சாப்பிட்டீங்களா?"

"சார், ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கா? மறைக்காம சொல்லுங்க."

இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள் போல. போனில் காற்று மட்டும் கேட்டது.

"ஆடிட்டர் கேக்குறாரா, நீங்க கேக்குறீங்களா?"

5

"ஆடிட்டர்" என்று அவள் சொன்னால், அவர் உண்மையைச் சொல்லிவிடுவார். அவள் "இல்லை" என்ற கட்டத்தில் குறியிடுவாள். நாளை முதல் நான்கு மணிக்குப் போன் வராது.

"நான்தான்" என்று சொன்னால்...

இந்த வாக்கியத்தை ஏழு முறை தொடங்கிவிட்டேன். தனியாக இருந்தே பழகிய ஒருத்தி இதை எந்தக் குரலில் சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. என் வீட்டிலும் போன் அடித்து வெகுநாளாகிறது. நீங்கள் அவளுக்காகச் சொல்லிப் பாருங்கள். ரொம்ப யோசிக்காதீர்கள், அவர் இன்னும் போனை வைக்கவில்லை.